மாவுப் பசை மேல் ஒரு பாலே

நியூயார்க் சிட்டி பாலே குழுவில் ஷூக்களுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அலமாரி போலச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நடனமணியின் பெயர். உள்ளே ஒரே அச்சில் வார்த்தது போன்ற இளஞ்சிவப்பு சாட்டின் ஷூக்கள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கும். நடனமணி வந்து தன் கட்டத்திலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். அடுத்து நடப்பதைப் பார்த்தால், அந்த ஷூவின் மேல் அவருக்கு ஏதோ பழைய பகை இருப்பதாகத்தான் தோன்றும்.

முன்பகுதியைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துகிறார். குதிகாலால் ஏறி மிதிக்கிறார். உள்ளே பாதத்தைத் தாங்கும் கெட்டி அட்டையைக் குறடால் பிய்த்தெடுத்து, முக்கால் நீளத்தில் வெட்டி, மிச்சத்தைக் குப்பையில் போடுகிறார். அடித்தோலைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறுகிறார். கடைசியாக, கான்கிரீட் படிக்கட்டில் நாலு அடி. ஒரு ஜோடி ஏறக்குறைய நூறு டாலர். இவ்வளவும் ஆன பிறகுதான் அது ஆடுவதற்குத் தயார். பெரிய வேடமென்றால் அதன் ஆயுள் ஒரே இரவு. கடினமான வேடங்களில் ஓர் அங்கம் முடிவதற்குள்ளேயே ஷூ செத்துவிடுவதும் உண்டு. ‘செத்துப் போச்சு’ என்பது அவர்களே சொல்லும் சொல்தான்.

பாயின்ட் ஷூ என்று இதற்குப் பெயர். விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான காலணி. முனையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதன் முனையில் மரம் இருக்கும், இரும்பு இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். இரண்டும் கிடையாது. சாக்குத்துணி, பருத்தித்துணி, காகிதம், அட்டை, பசை. அவ்வளவுதான். பசைக்கு முக்கியச் சரக்கு மாவும் தண்ணீரும்.

இந்த மாவுப் பசை ஒரு மனுஷியை எப்படித் தாங்குகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது கிலோ எடையுள்ளவர் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி நிற்கும்போது, தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. ஷூவின் முனையில் இருக்கும் தட்டைப் பகுதி சுமார் 10 சதுர சென்டிமீட்டர். ஒற்றைக் காலில் அதன் மேல் ஏறி நின்றால், அதே இடத்தில் ஐந்து கிலோ. இருபது மடங்கு. இது சும்மா நிற்பதற்கான கணக்கு. குதித்து இறங்கும்போது இன்னும் ஏறும். இந்தச் சுமை முழுவதும் பெருவிரலின் நுனியில் இறங்கினால் எந்த விரலும் தாங்காது.

ஆகவே ஷூவின் வேலை விரல் நுனிக்குக் கீழே பலகை போட்டுக் கொடுப்பதில் முடிந்துவிடுவதில்லை. முன்பகுதியைச் சுற்றி இறுகியிருக்கும் கூட்டை ‘பாக்ஸ்’ என்கிறார்கள். பெயர்தான் பெட்டி, உருவத்தில் அது புனல். பாட்டில் வாயில் தக்கையை அழுத்தினால் ஓரங்களில் இறுகி நின்றுவிடுகிறதே, அதுபோலப் பாதத்தின் முன்பகுதி இந்தப் புனலுக்குள் ஆப்பாக இறங்கி, பக்கச் சுவர்களில் பிடித்து நிற்கிறது. எடையின் நல்ல பங்கைச் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. பாதத்தின் வளைவுக்கு அடியில் ஓடும் அட்டை, அதாவது ‘ஷாங்க்’, வில்போல எதிர்த்துத் தள்ளுகிறது. இவை இரண்டுக்கும் நடுவில்தான் பாதம் நிற்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், பாயின்ட் ஷூ வாங்குவதில் உள்ள விசித்திரம் விளங்கும். தளர்வான ஷூ சுகமாக இருக்கும் என்பது நமக்கு ஊறிப்போன நினைப்பு. ‘வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா குடுங்க’ என்றுதான் நம் வீட்டில் பள்ளிக்கூட ஷூ வாங்குவோம். இங்கே அது ஆபத்து. பெரிய ஷூவுக்குள் ஆப்பு இறுகாது. பாதம் சறுக்கிக் கீழே இறங்கும். எடை முழுக்கப் பெருவிரலின் நகத்தில் போய் இடிக்கும். தட்டையாக நிற்கும்போது விரல்கள் முனையைத் தொட்டுக்கொண்டு, ஆனால் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். முழங்காலை மடித்து உட்காரும்போது பாதம் பரந்து நீளும். அப்போதும் விரல் நசுங்கக் கூடாது. நுனியில் ஏறி நின்றால் குதிகாலில் ஒரு கிள்ளு துணிதான் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் கையில் வந்தால் ஷூ பெரிது.

நீளம் பொருந்திவிட்டால் போதாது, விரல்களின் வரிசை இருக்கிறது. பெருவிரல் நீண்டு மற்றவை படிப்படியாகக் குறையும் பாதத்துக்கு எகிப்தியப் பாதம் என்று பெயர். இரண்டாம் விரல் பெருவிரலை முந்தினால் கிரேக்கப் பாதம். மூன்று விரல்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் சதுரப் பாதம். நுனியில் நிற்பதற்கு வசதியானது இதுதான், சுமை பல விரல்களுக்குப் பங்காகிறது. எகிப்தியப் பாதத்துக்கு முனை குறுகும் பாக்ஸ், சதுரப் பாதத்துக்கு அகன்ற பாக்ஸ். விரல்கள் நீளமாக இருந்தால் பாதத்தின் மேற்புறத்தை மூடும் பகுதியும் நீண்டு விரல் மூட்டுகளை மறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கால் முன்னால் வழிந்து வெளியே வந்துவிடும். வளைவு அதிகமுள்ள பாதத்தைப் பார்த்துப் பார்வையாளர்கள் சொக்கிப்போவார்கள். அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் கஷ்டம், மெல்லிய ஷாங்க்கை அது சில நிமிடங்களில் மடக்கிவிடும்.

இன்னொரு வேடிக்கை, இந்த ஷூக்களில் இடது வலது கிடையாது. இரண்டும் ஒன்றே. எது எந்தக் காலுக்கு என்று நடனமணி போட்டுப் பார்த்து முடிவு செய்து, உள்ளே பேனாவால் எழுதிவைத்துக்கொள்வார். ஆடி ஆடி அது இடதாகவோ வலதாகவோ மாறிவிடும்.

சிறுமிகளுக்கு இது எப்போது? நடன மருத்துவம் படித்தவர்கள் பொதுவாகச் சொல்லும் வயது பன்னிரண்டுக்கு மேல். பாத எலும்புகளின் வளர்ச்சிப் பகுதிகள் அதற்கு முன் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கணுக்காலிலும் இடுப்பிலும் தேவையான பலம் சேர்ந்திருக்காது. பிறந்தநாள் வந்ததும் தானாகக் கிடைக்கும் தகுதியும் இல்லை இது. வாரத்துக்கு ஒரு வகுப்பு போகும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் ஆசிரியர் மறுத்துவிடலாம்.

லண்டனில் ஃப்ரீட் என்ற நிறுவனம் 1929-லிருந்து இந்த ஷூக்களைச் செய்கிறது. அங்கே ஷூ உள்வெளியாகப் பிறக்கிறது. கால் வடிவ அச்சில் சாட்டினை உட்புறம் வெளியே இருக்கும்படி மாட்டி, முனையில் பசை தோய்த்த சாக்குத்துணியும் காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மிஞ்சும் துணியைச் சிறு சிறு மடிப்புகளாகக் கொசுவி, அடித்தோலைத் தைக்கிறார்கள். பிறகு உறையைப் புரட்டுவதுபோல ஷூவை உள்வெளியாகப் புரட்டுவார்கள். ஈரமாக இருக்கும்போதே முனையைச் சுத்தியலால் தட்டி உருவம் கொடுத்து, இரவெல்லாம் அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். ஷூவின் முன்பகுதியில் கை வைப்பவர் ஒரே ஒருவர். அவர் அடிப்பகுதியில் தன் முத்திரையைக் குத்துவார். பெயர் இருக்காது, நங்கூரம், மணி, மீன் என்று ஏதோ ஒரு குறி.

பசை எவ்வளவு தடவுகிறார், எவ்வளவு அழுத்தித் தட்டுகிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நம் வீட்டில் ஒரே மாவில் அம்மா சுடும் தோசையும் அத்தை சுடும் தோசையும் ஒன்றாகவா இருக்கின்றன? நடனமணி இந்தக் கையின் வாசனையைப் பாதத்தால் அறிவார். ‘என் ஷூ இந்தக் குறிக்காரர் செய்தது’ என்று உரிமையோடு சொல்வார், அந்த மனிதரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே. ஆர்டர் சீட்டில் நீளம், அகலம், மேல்மூடியின் உயரம், பக்கவெட்டு, குதியின் உயரம், ஷாங்க்கின் கெட்டித்தன்மை எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். ஆனால் குறிக்காரர் ஓய்வுபெற்றுவிட்டால் அந்தச் சீட்டைக் காட்டி வேறொருவரிடம் அதே ஷூவை வாங்க முடியாது. அவர் கடைசியாகச் செய்த ஜோடிகளைப் பதுக்கிவைத்து, எண்ணி எண்ணிச் செலவழித்த நடனமணிகள் உண்டு.

இனி அந்தப் பசைக்கு வருவோம். கல்யாணத்துக்குக் கஞ்சி போட்ட வேட்டியை மொடமொடவென்று கட்டிக்கொண்டு வருகிறவர், மதியப் பந்தி முடிந்து எழுந்திருக்கும்போது எப்படி இருப்பார்? வேட்டி தொய்ந்து காலோடு ஒட்டியிருக்கும். மாவிலுள்ள ஸ்டார்ச் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. உலர்ந்த நிலையில் இந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொள்கின்றன. துணியின் இழைகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஈரம் வந்ததும் தண்ணீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. சங்கிலிகள் வழுக்க ஆரம்பிக்கின்றன, விறைப்பு போகிறது. கூடவே உடம்புச் சூடு. நடனமணியின் கால் ஒரு மணி நேரத்தில் பாக்ஸுக்குள் செய்வது இதுதான்.

இது குறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஈரத்திலும் சூட்டிலும் இளகுவதால்தான் பாக்ஸ் அந்தப் பாதத்தின் எலும்பு மேடுகளுக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்கிறது. புது ஷூ யாருடைய காலும் இல்லாத ஒரு காலுக்குச் செய்தது. மடங்கி மடங்கித்தான் அது ஒருவருடையதாகிறது. முழுக்க விறைத்திருக்கும் தொடக்கத்துக்கும் முழுக்கத் தளர்ந்த முடிவுக்கும் நடுவில், இரண்டும் சரியாகக் கூடிவரும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளி மேடையில் விழ வேண்டும். ஒத்திகையில் தீர்ந்துபோகக் கூடாது, பச்சையாக மேடை ஏறவும் கூடாது. கதவிடுக்கும் குதிகால் மிதியும் இந்த நேரக் கணக்குக்காகத்தான். வியர்வை ஒரு மணி நேரத்தில் செய்வதை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள், அதுவும் வேண்டிய இடத்தில் மட்டும். பாக்ஸின் பக்கங்களை நசுக்குவார்கள். முனையை நசுக்க மாட்டார்கள்.

ஷாங்க்கை வெட்டுவதற்கும் இதே தர்க்கம். தொழிற்சாலை அட்டை அதற்குப் பலவீனமான இடத்தில் மடங்கும். பாதம் மடங்கும் இடமோ ஆளுக்கு ஆள் வேறு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளங்காலுக்கும் ஷூவுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். நுனியில் நிற்கும்போது ஷூ ஒருபக்கமாகத் திருகிக்கொள்ளும். வளைவு முடிந்து குதிகால் தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டால் அட்டை பாதத்தோடு ஒட்டி வளையும்.

கத்தி அங்கே முடிந்தால், பிறகு ஊசி. நுனியில் சாட்டின் வழவழப்பாக இருப்பதால் பலர் அதை வட்டமாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். சிலர் விளிம்பைச் சுற்றித் தடித்த நூலால் நெருக்கமாகத் தையல் போடுவார்கள். சறுக்காது, முனையும் கொஞ்சம் அகலும். ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் ஒவ்வொருவரும் தானே தைத்துக்கொள்வதுதான் வழக்கம். தைக்கும் இடம் அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் குதி நழுவும். நூலுக்குப் பதிலாகப் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் இழையால் தைப்பவர்கள் ஏராளம், அது லேசில் அறுவதில்லை. ரிப்பனின் நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் பிரி பிரியாக வராது. கணுக்காலுக்குப் பின்னால் குதிநாண் ஓடுமிடத்தில் மட்டும் சிறு எலாஸ்டிக் துண்டை ரிப்பனுக்கு நடுவில் இணைப்பதும் உண்டு. முழங்கால் மடங்கும்போது நாண் இழுபட, ரிப்பன் அதை அறுக்காமலிருக்க.

மேடைக்குப் போகும் வழியில் ஒரு தட்டில் ரோசின் கிடக்கும். பைன் மரப் பிசினிலிருந்து வருவது. வயலின் வித்வான் வில்லில் தேய்க்கிறாரே, அதே பொருள். வில்லில் அது தந்தியைப் பற்றிப் பற்றி விடுகிறது, இங்கே தரையை. ஆனால் அளவு மீறினால் சுழலும்போது முனை தரையில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் திருகும்.

ஷூ செத்துக்கொண்டிருக்கும்போது உயிர்கொடுக்க ஒரு பசை இருக்கிறது: உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட். நாம் உடைந்த பொம்மைக்கு வாங்கும் சின்ன ட்யூப். பாக்ஸுக்குள் சில சொட்டு விட்டால் மறுபடி கெட்டிப்படும். மாவுப் பசையைக் கொல்லும் ஈரம்தான் இதற்கு உயிர். காற்றிலும் துணியிலும் உள்ள துளி ஈரத்தைக் கொண்டுதான் இது இறுகுகிறது. பருத்தியில் பட்டால் வினை வேகமாகி நன்றாகச் சுடும் என்பதால், விட்ட உடனே காலை நுழைத்துவிடக் கூடாது.

படிக்கட்டில் அடிப்பது சத்தத்தைக் குறைப்பதற்காக. காய்ந்த பாக்ஸ் வெறும் கூடு. தரையில் பட்டால் டக் டக்கென்று கேட்கும். காற்றில் மிதக்கும் ஆவியாக வரும் நடனமணி குதிரைபோல் ஒலி எழுப்பினால் கதையே கெட்டது.

ஆவிகளிலிருந்துதான் இதெல்லாம் தொடங்கியது. 1832-ல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மரி டாக்லியோனி வன தேவதையாக விரல் நுனியில் ஆடினார். அவர் காலில் இருந்தது மெல்லிய சாட்டின் செருப்பு. ஓரங்களிலும் முனையிலும் தையல் போட்டுக் கெட்டிப்படுத்தியது, அவ்வளவே. மிச்சத்தையெல்லாம் கால் தசைகள் தாங்கின. பிறகு இத்தாலிக்காரர்கள் முனையைத் தட்டையாக்கிக் கடினப்படுத்தினார்கள். அப்படி ஒரு ஷூவோடு வந்த பியரினா லென்யானி 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ‘ஸ்வான் லேக்’கில் ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 சுழற்சிகள் ஆடிக் காட்டினார். அந்த முப்பத்திரண்டு இன்றுவரை நடனமணிகளின் கழுத்தில் தொங்குகிறது.

ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பாதம் மெலிந்தது, வளைவு மிக அதிகம். ஷூவுக்குள் கெட்டித் தோலைச் செருகி, முனையைக் கடினமாக்கி ஆடினார். ஏமாற்று வேலை என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். இன்றைய ஷூ அந்த ஏமாற்றின் பேத்தி. 1920-களின் இறுதியில் ஒரு கப்பல் பயணத்தில் பாவ்லோவாவோடு நட்பான ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டியதும், பரதம் கற்று 1936-ல் கலாக்ஷேத்ராவை நிறுவியதும் தெரிந்த கதை. ஷூவே தேவைப்படாத நடனத்துக்கு அவர் வந்து சேர்ந்ததில் ஒரு ஷூக்காரியின் பங்கு இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இளஞ்சிவப்பு வெள்ளைத் தோலோடு ஒன்றிப்போகத் தேர்ந்த நிறம். காலும் ஷூவும் ஒரே கோடாகத் தெரிந்தால் கால் நீளமாகத் தோன்றும். கறுப்பினப் பெண்ணின் காலில் அந்தக் கோடு கணுக்காலிலேயே வெட்டுப்பட்டது. ஆர்தர் மிட்செல் 1969-ல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம், எழுபதுகளிலேயே ஷூவையும் காலுறையையும் ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் சாயமேற்ற ஆரம்பித்தது. மற்ற இடங்களில் பலர் முக ஒப்பனைப் பூச்சைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஷூவுக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள், ஜோடிக்கு ஜோடி, வருஷக் கணக்கில். லண்டனின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்தது 2018-ல்.

இத்தனை பாடு எதற்கு, பிளாஸ்டிக்கில் செய்துவிடலாமே? செய்துவிட்டார்கள். 1993-ல் நியூயார்க்கில் தொடங்கிய கெய்னர் மின்டன் நிறுவனம் பாக்ஸையும் ஷாங்க்கையும் மீள்தன்மையுள்ள பாலிமரில் செய்கிறது. அது வியர்வையில் இளகாது, கதவிடுக்கு வேண்டாம், பல மடங்கு நாள் உழைக்கும். பெரிய குழுக்களின் முன்னணி நடனமணிகள் பலர் அதில்தான் ஆடுகிறார்கள். ஆனாலும் மாவுப் பசை ஒழியவில்லை. பாலிமர் மடங்கினால் பழைய உருவத்துக்கே திரும்ப நினைக்கும். பசை மடங்கினால் மடங்கியதுதான், பாதத்தோடு போய்விடும். தரை காலில் தெரிய வேண்டும் என்பவர்கள் இரண்டாவதையே கேட்கிறார்கள். பணமும் நேரமும் விரயமாகிறது என்ற வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாணவிகளின் பெற்றோருக்காவது நீடித்து உழைக்கும் ஷூ கிடைக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

செத்த ஷூக்கள் எங்கே போகின்றன? பல குழுக்கள் அவற்றில் நடனமணியின் கையெழுத்து வாங்கி ரசிகர்களுக்கு விற்கின்றன. முனை கறுத்து, சாட்டின் கிழிந்து, பாக்ஸ் துணியாகத் தொய்ந்த ஷூவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. டாக்லியோனி 1842-ல் ரஷ்யாவை விட்டுப் புறப்பட்டபோது, அவர் ஆடிய ஜோடி ஒன்றை ரசிகர்கள் 200 ரூபிளுக்கு ஏலம் எடுத்து, சமைத்து, சாஸ் ஊற்றித் தின்றார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எவ்வளவு உண்மையோ. இன்றைய ஷூ என்றாலாவது கொஞ்சம் மாவு இருந்திருக்கும். பாவம், அவர்களுக்குக் கிடைத்தது தோலும் சாட்டினும் நூலும்தான்.